ஒரே முகவரியில் பத்தொன்பது பேர்

கமலேஸ்வரி டீச்சருக்குக் கோபம் மூக்கு நுனியில்தான் இருக்கும். கணக்கில் விடை சரியாக வந்து வழி பிழையாக இருந்தால்கூடக் கொப்பி பறக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து ஹட்டனுக்கு மாற்றலாகி வந்து இருபத்திரண்டு வருடம். குளிருக்குப் பழகிவிட்டார், அட்டைக்கடிக்குப் பழகிவிட்டார், மூன்று நாள் விடாமல் பெய்யும் மழைக்கும் பழகிவிட்டார். பதில் போடாமல் விட்ட கடிதத்துக்கு மட்டும் பழகவே இல்லை. ஒருவர் கேட்டு எழுதினால் பதில் போயே ஆக வேண்டும் என்பது அவருடைய கட்சி. அதில் அவரோடு யாரும் வாதாட முடியாது.

அந்தக் கட்சிக்காக மனுஷி பட்ட பாடு கொஞ்சநஞ்சமா? வெள்ளிக்கிழமை கொழும்பில் அரசாங்க வர்த்தமானி வெளிவரும். ஆசிரியர் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள், தாதியர் பயிற்சிக்கு எடுக்கிறார்கள் என்று அதில்தான் போடுவார்கள். அந்தச் செய்தி மலை ஏறி, தேயிலைத் தோட்டத்துக்குள் நுழைந்து, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பிள்ளையின் காதில் விழும்போது முடிவு திகதி போய்ப் பத்து நாளாகியிருக்கும். இதைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்துதான் டீச்சர் ஒரு மின்னஞ்சல் முகவரி திறந்தார். எனக்கு எழுதுங்கள், என்ன பத்திரம் வேண்டும், எங்கே போய் எடுக்க வேண்டும், எப்போது அனுப்ப வேண்டும் என்று எழுதுகிறேன் என்று போகிற பள்ளிக்கூடமெல்லாம் சொல்லி வைத்தார். முதல் வருடம் முப்பது கடிதம் வந்தது. ஆறாவது வருடம் முந்நூறு. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பஸ் நிலையத்துக்குப் பக்கத்து மாடியில், போன் பேசவும் மெயில் பார்க்கவும் ஆட்கள் வரும் மீனம்மாவின் கொமினிகேஷன் கடைக்குப் போய், அங்கிருந்த ஒற்றைக் கணனியின் முன்னால் உட்கார்ந்து, விரல் வலிக்க வலிக்கத் தட்டுவார். தேத்தண்ணி ஆறிப்போய் ஆடை கட்டிக் கிடக்கும்.

இப்படியிருக்கும்போதுதான் 2003இல் தனுஜா வந்தாள். ஆசிரியர் கல்லூரி விண்ணப்பம் முடிந்த மறு திங்கட்கிழமை, பள்ளிக்கூட வாசலில் குடையும் இல்லாமல் நின்றாள். நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்தெடுக்கும் வேலாயியின் மகள். உயர்தரம் நன்றாகச் சித்தியடைந்தவள், வயது இருபத்துநாலு. அவள் சண்டை பிடிக்கவில்லை, அழவுமில்லை.

“டீச்சர், நான் போட்ட மெயிலு ஒங்களுக்குக் கெடைக்கலீங்களா?” என்று மட்டும் கேட்டாள்.

கடிதங்கள் குவிந்து கிடந்தன, எதையோ பிந்தித்தான் பார்த்திருப்போம், இதுவும் அந்தக் குவியலில் போயிருக்கும் என்று டீச்சர் நினைத்துக்கொண்டார். விண்ணப்பிக்க வயது எல்லை இருபத்தைந்து. ஆக இந்தப் பிள்ளைக்கு மிச்சம் இருப்பது அடுத்த வருடம் ஒன்றே ஒன்று. அதையும் விட்டால் அம்மாவின் கூடைதான். டீச்சர் அவளை உள்ளே கூப்பிட்டு, அடுத்த முறை உமக்குப் பதில் வரும், இது என்ர பொறுப்பு என்று வாக்குக் கொடுத்தார். கொடுத்த பிறகு பத்து மாதமும் அந்த வாக்கு அவரை நிம்மதியாகத் தூங்க விடவில்லை.

மீனம்மாவிடம் போய்த்தான் புலம்பினார். இனி நான் ஒராள் இருந்து எழுதிக் காணாது, இன்னும் கை வேண்டும் என்றார்.

மீனம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொத்மலைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். பதினெட்டு வயதில் கொழுந்துக்கூடை தூக்கி, இருபதில் அதை இறக்கி வைத்துவிட்டு ஹட்டனுக்கு வந்து, டெலிபோன் பூத்தில் நேரம் குறிக்கிற வேலையில் சேர்ந்தவள். இப்போது முப்பத்திரண்டு வயதில் கடையே அவளுடையது. கணனி வகுப்பு என்று ஒரு நாள் போனதில்லை. தெரியாத இங்கிலீஷ் சொல்லை அகராதியில் பார்த்து, ஒரு சீ.ஆர். கொப்பியில் தமிழில் எழுதி வைத்துக்கொள்வாள். இப்படி ஆறு கொப்பி முடித்திருக்கிறாள். பட்டம் வாங்கிய எத்தனையோ பேரை டீச்சர் பார்த்திருக்கிறார், இந்தப் பிடிவாதத்தை எவரிடமும் பார்த்ததில்லை.

புலம்பலைக் கேட்ட மீனம்மா இரண்டு வாரம் அகராதியும் கொப்பியுமாக இருந்தாள். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை டீச்சரை உட்கார வைத்து விளக்கினாள். கடிதம் வந்தால் தானாகப் பதில் அனுப்புகிற மென்பொருள் ஒன்று இருக்கிறது. வெளிநாட்டுக் கம்பெனிகள் இதை மாத வாடகைக்குத் தருகின்றன, ஆனால் அதற்குக் கிரெடிட் கார்ட் வேண்டும், ஹட்டனில் அதற்கு எங்கே போவது? அதனால் வேறு வழி. எங்கேயோ ஒரு மகராசன் அதே மாதிரி ஒன்றை எழுதி, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று இலவசமாக விட்டிருக்கிறான். கொழும்புக் கம்பெனி ஒன்றின் சேர்வரில் கொஞ்சம் இடம் எடுத்து அதை நாமே நிறுவிவிட்டால் நம்முடைய வீட்டில் நம்முடைய வேலைக்காரன் மாதிரி. எவனையும் கேட்க வேண்டியதில்லை, எப்படி வேண்டுமோ அப்படித் திருத்திக்கொள்ளலாம்.

திருத்திக்கொள்ளலாம் என்ற சொல்லை அன்று டீச்சர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதுதான் பின்னால் பெரிய விஷயமானது.

நிறுவுவது லேசில் முடிந்ததா என்றால் அதுவும் இல்லை. கடைக்கு ஒரே ஒரு டெலிபோன் லைன். மீனம்மா சேர்வருக்குக் கோப்பு ஏற்றிக்கொண்டிருக்கும்போது, குவைத்தில் இருக்கும் மகளோடு பேச வேண்டும் என்று ஒரு தாய் வந்து நிற்பாள். இணைப்பை அறுத்துவிட்டுப் பேசக் கொடுக்க வேண்டும். பேசி முடித்து அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போன பிறகு மறுபடி ஏற்ற வேண்டும். கோப்புகளுக்கு யார் வாசிக்கலாம் யார் எழுதலாம் என்று அனுமதி கொடுக்க வேண்டும், பெயர்களைச் சேர்த்து வைக்கும் தரவுத்தளம் திறக்க வேண்டும், அதன் கடவுச்சொல்லை ஒரு கோப்பில் சரியான இடத்தில் எழுத வேண்டும். ஒரு அரைப்புள்ளி விட்டுப்போனால் வெள்ளைத் திரைதான். வெள்ளைத் திரையைப் பார்த்து டீச்சர் பொறுமையிழந்து எழும்பிப் போவார். மீனம்மா முதல் வரியிலிருந்து வாசிப்பாள்.

கடைசியில் அது வேலை செய்தபோது டீச்சர் வாயைப் பிளந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு கடிதம் அல்ல, ஐந்து கடிதங்கள். பிள்ளை வெறுமனே தன் பெயரை எழுதி ஒரு மெயில் போட்டால் போதும். உடனே முதல் கடிதம் போகும்: இன்ன இன்ன பத்திரம் தேடு. மூன்றாம் நாள் இரண்டாவது: பிறப்புச் சான்றிதழ் இல்லையா, இப்படி எடு. ஏழாம் நாள் கிராம சேவகர் சான்றிதழ், பதினாலாம் நாள் விண்ணப்பம் நிரப்பும் முறை, இருபத்தோராம் நாள் பதிவுத் தபால். இன்றைக்கு எழுதிய பிள்ளைக்கு முதல் கடிதமும், போன வாரம் எழுதிய பிள்ளைக்கு மூன்றாவதும், ஒவ்வொருவருடைய நாளையும் தனித்தனியாக எண்ணி அது அனுப்பும். தமிழ் எழுத்து சில கடைக் கணனிகளில் கட்டம் கட்டமாகத் தெரியும் என்று, டீச்சர் கையால் எழுதிய கடிதத்தையே மீனம்மா படமாக்கிப் போட்டிருந்தாள். மேலே பெயர் மட்டும் இங்கிலீஷ் எழுத்தில் வரும். தினமும் காலை ஐந்தே முக்காலுக்குச் சேர்வர் தானே விழித்து அன்றைய கடிதங்களை அனுப்பும்படி நேரமும் குறித்தாள். கம்பெனி கொழும்பில் என்றாலும் அதன் சேர்வர் இருந்தது அமெரிக்காவில். அங்கே எத்தனை மணி என்று கணக்குப் பார்த்துக் கொடுத்தது மட்டும்தான் கணக்கு டீச்சரின் பங்கு.

முதல் வாரமே ஒரு கூத்து நடந்தது. பள்ளி விடுமுறைக்கு டீச்சர் யாழ்ப்பாணம் போனார். போகுமுன் தன் சொந்த மெயில் பெட்டியில், நான் ஊரில் இல்லை, வந்ததும் பதில் போடுவேன் என்று தானாகப் போகிற மாதிரி ஒரு அறிவிப்பை வைத்துவிட்டார். மீனம்மா சோதித்துப் பார்க்க டீச்சரின் முகவரியையே புது இயந்திரத்தில் சேர்த்தாள். இயந்திரம் கடிதம் அனுப்பியது. டீச்சரின் பெட்டி, ஊரில் இல்லை என்றது. இயந்திரம் அதையும் ஒரு பிள்ளையின் கடிதம் என்று நினைத்து, எழுதியதற்கு நன்றி என்றது. பெட்டி மறுபடி, ஊரில் இல்லை. நன்றி. ஊரில் இல்லை. விடிவதற்குள் நானூற்றுப் பன்னிரண்டு கடிதம். கொழும்புக் கம்பெனிக்காரன் போன் போட்டுச் சிங்களத்திலும் இங்கிலீஷிலும் திட்டினான்.

திரும்பி வந்து இதைக் கேட்ட டீச்சர் தலையில் அடித்துக்கொண்டார். மீனம்மா சிரித்தாள். இனி இப்படி நடக்காமலிருக்க ஒரு சட்டம் போட்டுவிட்டேன் என்றாள்: ஒரு முகவரி ஒரு முறைதான் பட்டியலில் சேரும். அதே முகவரியிலிருந்து மறுபடி வந்தால் இயந்திரம் வாயைத் திறக்காது. நல்ல சட்டம் என்று டீச்சரும் மெச்சினார்.

ஆசிரியர் கல்லூரி விண்ணப்பம் வர்த்தமானியில் வந்தது. முப்பது நாள் அவகாசம். டீச்சர் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் புது முகவரியைச் சொல்லி அனுப்பினார். நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துக்குப் போகிற ஆசிரியர் ஒருவரிடம், தனுஜா என்ற பிள்ளைக்குக் கட்டாயம் சொல்லுங்கள் என்று மூன்று முறை சொன்னார். சொல்லிவிட்டேன், அன்றைக்கே மெயில் போட்டுவிட்டாள் என்று பதிலும் வந்தது. டீச்சருக்குப் பத்து மாதத்தில் முதல் தடவையாக நெஞ்சு இலேசானது. இருநூறு பிள்ளைகளை ஒரு இயந்திரம் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகிறது. ஞாயிற்றுக்கிழமை அவர் ஆறாத தேத்தண்ணி குடித்தார்.

பத்தொன்பதாம் நாள் சும்மா ஒரு ஆசைக்குப் பட்டியலைத் திறந்து தனுஜாவின் பெயரைத் தேடினார். தனுஜா இல்லை.

இன்னொரு முறை தேடினார். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே. இருநூற்று ஆறு பெயர் இருந்தது, அந்தப் பெயர் இல்லை. டீச்சருக்கு அடுத்த கணம் கோபம் வந்தது.

“இது என்ன மீனம்மா, அந்தப் பிள்ளைக்கு ஏன் ஒண்டும் போகேல்லை? இதுக்கு என்ர கையே திறம்.”

மீனம்மா கணனிப் பக்கம் திரும்பினாள். இயந்திரம் தான் செய்ததையெல்லாம் எழுதி வைக்கும் குறிப்புக் கோப்பைத் திறந்தாள். விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டே போனாள். ஓரிடத்தில் விரல் நின்றது. ஒரே முகவரி. அதிலிருந்து பத்தொன்பது கடிதம். முதலாவது அழகன் என்ற பையன் போட்டது, அவன் பட்டியலில் சேர்ந்திருக்கிறான், கடிதமும் போயிருக்கிறது. அடுத்த பதினெட்டுக்கும் பக்கத்தில் ‘ஏற்கெனவே உள்ளது’ என்று இயந்திரம் எழுதி வைத்துவிட்டுச் சும்மா இருந்திருக்கிறது. அந்தப் பதினெட்டில் ஐந்தாவது தனுஜா. “டீச்சர், எனக்குப் பதிவு இலக்கம் தெரியாது, பிறப்புச் சான்றிதழும் இல்லை. இல்லாமல் விண்ணப்பிக்கலாமா?” என்று இங்கிலீஷ் எழுத்தில் தமிழைத் தட்டிக் கேட்டிருந்தாள்.

முகவரியை வாசித்தபோதுதான் விஷயம் புரிந்தது. அதில் ஆளின் பெயர் இல்லை. தோட்டத்தின் பெயர் இருந்தது. தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து ஒரே ஒரு முகவரி திறந்து வைத்திருக்கிறார்கள்.

டீச்சருக்கு எரிச்சல் தாங்கவில்லை. இது என்ன மடத்தனம், ஆளுக்கொரு முகவரி காசில்லாமல் கிடைக்கிறதே, உடனே எடுக்கச் சொல்லும் என்றார். அப்போதுதான் மீனம்மா நாற்காலியைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள்.

“எங்க லயத்துல பன்னெண்டு காம்பரா, பன்னெண்டு குடும்பம் டீச்சர். ஆளுக்கொரு முகவரியா இருந்துச்சு? தோட்டத்துப் பேரை எழுதினா கடுதாசி ஆபீசுக்கு வரும். தபால்காரரு காலையில பெரட்டுல பேரக் கூப்பிட்டுக் குடுப்பாரு. எங்களுக்கு முகவரின்னா அதாங்க. அதுங்க ஒண்ணும் தப்பா செய்யல. மெஷினுக்குத்தான் தோட்டம் தெரியல.”

டீச்சர் இருபத்திரண்டு வருடம் இந்த மலையில் இருக்கிறார். காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி வேலை பிரிக்கிற அந்தப் பெரட்டை எத்தனையோ தரம் பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறார். அங்கே கடிதமும் கொடுக்கிறார்கள் என்பதை அவர் யோசித்ததே இல்லை.

நான் இப்போதே நோட்டனுக்குப் பஸ் ஏறுகிறேன் என்று குடையை எடுத்தார். நீங்கள் போனால் தனுஜாவுக்குச் சொல்லலாம், மற்றப் பதினேழு பேருக்கு என்ன சொல்வீர்கள், அடுத்த வருடம் வருகிறவர்களுக்கு யார் போவார்கள் என்று மீனம்மா கேட்டாள். ஒரு நாள் கொடுங்கள், நாளைக் காலை கடிதம் போகாவிட்டால் நானும் உங்களோடு பஸ் ஏறுகிறேன் என்றாள். கடையின் கண்ணாடிக் கதவில், இன்று டெலிபோன் இல்லை என்று எழுதி ஒட்டினாள். பன்னிரண்டு வருடத்தில் அந்தக் கதவு அப்படி மூடியதை ஹட்டன் கண்டதில்லை.

அவள் வேலை செய்ததை டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். தரவுத்தளத்தில், முகவரி ஒன்றுதான் அடையாளம் என்றிருந்ததை உடைத்தாள். முகவரியும் பெயரும் சேர்ந்து ஒரு ஆள் என்று ஆக்கினாள். பத்தொன்பது பெயரையும் ஏற்றினாள். பிறகு யோசித்தாள். ஒரே பெட்டிக்குப் பத்தொன்பது கடிதம் தனித்தனியாகப் போனால் யார் அச்செடுப்பார்கள்? ஆகவே முகவரி ஒன்றென்றால் கடிதமும் ஒன்று, அதன் மேலே அத்தனை பெயரும் ஒன்றின் கீழ் ஒன்றாக, ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அவர் எத்தனையாம் கடிதத்தில் நிற்கிறார், அவருக்கு என்ன குறை என்று எழுதும்படி மாற்றினாள். குறைகளைப் பிள்ளைகளின் கடிதங்களிலிருந்து பொறுக்கி, இங்கிலீஷ் எழுத்தில் தன் கையால் தட்டினாள். பதினொரு நாள்தான் மிச்சம் என்பதால் கடிதங்களின் இடைவெளியையும் சுருக்கினாள். எவனோ எழுதிய ஒரு மென்பொருளின் வயிற்றைக் கிழித்து, அதற்குள் பெரட்டை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள் இந்தக் கொத்மலைப் பெண். டீச்சருக்கு அவளைப் பார்க்கப் பெருமையாக இருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

சும்மா இருக்கப் பிடிக்காமல் டீச்சர் அடுத்த பூத்தில் இருந்த பழைய கணனியில் தன் சொந்தப் பெட்டியைத் திறந்தார். மீனம்மாவுக்குக் கணனி இரண்டாகி ஒரு வருடமாகிறது. இயந்திரம் ஏமாந்தது, என் கண் ஏமாந்திருக்காது என்ற ஒரு சின்ன வீம்பு அவருக்குள் இன்னும் மிச்சமிருந்தது. போன வருடக் கடிதங்களில் அந்தத் தோட்டத்து முகவரியைத் தேடினார்.

ஏழு இருந்தது. முதலாவது தர்ஷன் என்ற பையன் எழுதியது. அதற்கு டீச்சர் இரண்டு பக்கம் பதில் போட்டிருந்தார். மற்ற ஆறும் திறந்து பார்த்தவைதான், எதற்கும் பதில் இல்லை. நான்காவதின் கடைசி வரியில் தனுஜா என்றிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்கு அப்படியே ஞாபகம் வந்தது. இந்தப் பெடியன் பதில் போட்ட பிறகும் திருப்பித் திருப்பி எழுதுகிறான் என்று சலித்துக்கொண்டு அடுத்ததுக்குப் போயிருந்தார். குவியலில் போகவில்லை, பிந்தவுமில்லை. வந்தது, திறந்தார், மேலே இருந்த முகவரியைப் பார்த்தார், மூடினார்.

டீச்சருக்கு வெட்கமாக இருந்தது. ஆறு வருடம் பதில் போடாத கடிதமே இல்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த வாய்.

“மீனம்மா, நானும் இதைத்தான் செய்தனான்” என்றார்.

மீனம்மா எழுந்து வந்து திரையைப் பார்த்தாள். பதில் போகாத ஆறு பேரின் பெயர்களைத் தாளில் குறித்துக்கொண்டாள். இதில் நாலு பேர் இந்த வருடமும் எழுதியிருக்கிறார்கள், மிச்சம் இரண்டு பேரையும் சேர்த்துவிடுகிறேன் என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை. அதற்காக டீச்சர் அவளுக்கு மனதார நன்றி சொன்னார், வாயால் அல்ல.

மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்குக் கடிதம் போனது. போனதைப் பார்த்த பிறகுதான் டீச்சர் பள்ளிக்கூடம் போனார். அதற்குப் பிறகு ஒரு வாரம் ஒரு தகவலும் இல்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அந்த வாரம் கொஞ்சம் கஷ்டப்பட்டார்கள்.

முடிவு திகதிக்கு இரண்டு நாள் முன்னால் தனுஜா மாடிப்படி ஏறி வந்தாள். கையில் பிளாஸ்டிக் உறை, உறைக்குள் எல்லாம் இருந்தது. பிறப்புச் சான்றிதழும் இருந்தது. அது எப்படிக் கிடைத்தது என்று அவள் சொன்னதை டீச்சர் அதற்குப் பிறகு நூறு பேரிடமாவது சொல்லியிருப்பார்.

தோட்டத்துத் தபால்காரர் சின்னத்தம்பி நோட்டன் தபால் கந்தோருக்கு வரும்போது பக்கத்துக் கடையில் மெயிலையும் அச்செடுத்துத் தபால் பையில் போட்டுக்கொண்டு போவது வழக்கமாம். அன்றைக்குக் கிடைத்த தாளில் இத்தனை பெயர் இருந்ததைக் கண்டு, மறுநாள் பெரட்டில் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு, பக்கத்தில் இருந்ததையும் உரக்க வாசித்திருக்கிறார். கண்டாக்கு, அதுதான் வேலை பிரிக்கிற அதிகாரி, நேரமாகிறது என்று கத்தினாராம். யாரும் நகரவில்லையாம். ‘தனுஜா, பிறப்புச் சான்றிதழ் இல்லை, பதிவு இலக்கம் தெரியாது’ என்று வாசித்ததும் அழகனின் அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டாள். என் மகனும் வேலாயி மகளும் ஒரே கிழமையில் பிறந்தவர்கள், தோட்டத்து ஆபீசில் அந்த மாதப் பிறப்பையெல்லாம் சேர்த்துத்தான் பதியக் கொடுத்தார்கள், அழகனுடைய சான்றிதழில் இலக்கம் இருக்கிறது, அதற்கு முன்னே பின்னே தேடச் சொல் என்றாளாம். பதிவாளர் கந்தோரில் போய்த் தேடினார்கள். அழகனுடையதற்கு அடுத்த இலக்கமே அவளுடையது.

தனியாக ஒரு கடிதம் தனுஜாவின் கைக்கு மட்டும் போயிருந்தால் அதை யார் சொல்லியிருப்பார்கள்? வேலாயிக்கு இலக்கம் தெரியாது. அழகனின் அம்மாவுக்குத் தனுஜாவின் குறை தெரியாது.

பத்திரங்களை டீச்சர் இரண்டு முறை சரிபார்த்தார். மூவருமாகத் தபால் கந்தோருக்குப் போய்ப் பதிவுத் தபாலில் போட்டார்கள். போன வருடத்து உண்மையை அன்றே சொல்லிவிட வேண்டும் என்று டீச்சர் வழியெல்லாம் நினைத்தார். சொல்லவில்லை. ஐம்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்குகிறவருக்கு அன்றைக்குத் தைரியம் போதவில்லை.

நாலு மாதம் கழித்து, நேர்முகப் பரீட்சையெல்லாம் முடிந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை தனுஜா மறுபடி வந்தாள். இந்த முறை வேலாயியும் கூட வந்தாள், நல்ல சேலை கட்டியிருந்தாள். ஆசிரியர் கல்லூரியிலிருந்து வந்த அனுமதிக் கடிதத்தைத் தனுஜா இரண்டு கையாலும் டீச்சரிடம் நீட்டினாள். டீச்சர் அதை வாசித்தார். மீனம்மாவிடம் கொடுத்தார். மீனம்மா வாசித்துவிட்டு வேலாயிக்கு நாற்காலி போட்டாள், தேத்தண்ணிக்குச் சொல்லி அனுப்பினாள். வேலாயி கணனிகளைப் பார்த்து, இதில் எது அந்தக் கடுதாசி போட்ட மெஷின் என்று கேட்டாள். அது இங்கே இல்லை, அமெரிக்காவில் இருக்கிறது என்று மீனம்மா சொன்னதை அவள் கொஞ்சமும் நம்பவில்லை.

டீச்சருக்கு இனியும் தாங்க முடியவில்லை.

“போன வருசமும் உம்மட கடிதம் எனக்கு வந்தது, தனுஜா. திறந்து பார்த்தனான். மேலே முகவரியைக் கண்டுட்டு, இது பதில் போட்ட ஆள்தானே எண்டு விட்டிட்டன். கீழே உம்மட பேரை வாசிக்கேல்லை. பிழை என்னுடையது.”

தனுஜா அம்மாவைப் பார்த்தாள், பிறகு டீச்சரைப் பார்த்தாள். என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்ள டீச்சர் தயாராக நின்றார்.

“தர்ஷனுக்குப் பதில் போட்டீங்களே டீச்சர்” என்றாள் தனுஜா. “ரெண்டு பக்கம். லயத்துல எல்லாருமா உக்காந்து வாசிச்சோம். நம்ம தோட்டத்துக்கு ஒண்ணு வந்துருச்சேன்னு அன்னைக்கு எவ்வளவு சந்தோசப்பட்டோம் தெரியுங்களா.”

அவள் குறையாகச் சொல்லவில்லை, உண்மையாகவே சந்தோஷத்தோடுதான் சொன்னாள். திட்டியிருந்தால் டீச்சர் நின்றிருப்பார். இதற்கு நிற்க முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

அவர்கள் போன பிறகு, அந்த முகவரியில் இப்போது எத்தனை பேர் என்று மீனம்மாவிடம் கேட்டார். தாதியர் பயிற்சிக்கும் எழுதியிருக்கிறார்கள், முப்பத்துநாலு பேர், எல்லாருக்கும் காலையிலேயே பதில் போய்விட்டது என்றாள் மீனம்மா.

“பேரை வாசியும்” என்றார் டீச்சர்.

மீனம்மா முதல் பெயரிலிருந்து தொடங்கினாள். முப்பத்துநாலு முடியும்வரை டீச்சர் ஒவ்வொரு பெயரையும் தானும் ஒரு முறை சொன்னார்.